இடுப்புவலிக்கு மின்தூண்டல் கருவி வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் உங்கள் தாயாருக்கு 61 வயது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தே காலம் கழித்தவர். 10 ஆண்டுகளாக இடுப்புவலி. சர்க்கரை நோயும் உண்டு. ஸ்கேன் அறிக்கையில் டிஸ்க் தேய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், தோலின் வழியே நரம்பைத் தூண்டி வலியைத் தணிக்கும் டென்ஸ் கருவியை எடுத்துக் காட்டியிருக்கிறார். உறவினர் ஒருவரோ மின்சாரத்தால் தசையைச் சுருங்கவைக்கும் ஈஎம்எஸ் பெல்ட்தான் தசையைப் பலப்படுத்தி வலியை வேரோடு எடுக்கும் என்கிறார். இரண்டில் எதை வாங்குவது, யாரோ விற்கும் பழைய கருவியை வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஆனால், கோயிலில் ஆடி மாதம் கூழ் காய்ச்சும்போது அம்மாவால் இப்போது கால் மணி நேரம்கூட நிற்க முடியவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் மறுபடி அடுப்படியில் நிற்பதற்கு மின்சாரம் எந்த அளவுக்கு உதவும்?

நான் டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் இடுப்புவலிக்காரர்கள்தாம். உங்கள் தாயாரை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். விடை இதுதான்: டென்ஸ் கருவி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சிலருக்கு வலியைக் குறைக்கும், முதுகைக் குணப்படுத்தாது, கடையில் கிடைக்கும் ஈஎம்எஸ் பெல்ட் இடுப்புவலிக்குக் காரணமான தசைகளைச் சரிசெய்யும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது, ஆகவே வாங்குவதற்கு முன் டென்ஸை மட்டும் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம், பெல்ட்டை விட்டுவிடலாம்.

இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம். இரண்டிலும் தோலில் ஒட்டும் பட்டைகள், இரண்டிலும் கம்பி, இரண்டிலும் சுருசுருவென்ற உணர்வு. நம் மக்கள் இரண்டையும் சேர்த்துக் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். டென்ஸ் குறிவைப்பது உணர்வு நரம்புகளை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் சிறிய மின்னோட்டத்துக்கே விழித்துக்கொள்ளும். வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் விழிப்பதற்கு அதைவிட அதிக மின்னோட்டம் வேண்டும். தடித்த இழைகளை மட்டும் தூண்டினால், அவை தண்டுவடத்தின் பின்பகுதிக்குள் நுழையும் இடத்தில் வலிச்செய்தி மேலே போவதைத் தணிக்கின்றன. கால் விரலை இடித்துக்கொண்டால் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்ப்பதும் இதே காரணத்தால்தான். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் முன்வைத்த ‘வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை’ இது. நரம்பு இணைப்புகள் பற்றி அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும், தண்டுவடத்திலேயே வலி கூட்டப்படவும் குறைக்கப்படவும் முடியும் என்ற மையக்கருத்து இன்றும் நிற்கிறது. விநாடிக்கு 2 முதல் 4 துடிப்பு என்ற குறைந்த வேகத்தில், தசை இலேசாகத் துள்ளும் அளவுக்குத் தூண்டும்போது உடல் தானே சுரக்கும் அபின்வகைப் பொருட்கள் வேலைசெய்கின்றன என்பதும் ஆய்வுக்கூடத்தில் நன்கு நிறுவப்பட்டது. மின்சாரத்தால் வலியைத் தணிப்பது புதுமையும் அல்ல: முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர் மின்சாரம் பாய்ச்சும் கடல்மீனைத் தலைவலிக்கும் கீல்வாத வலிக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நோயாளிகளின் துணிவை நான் வியக்கிறேன்.

ஆக, கருவி ‘வேலை செய்கிறதா’ என்று கேட்டால், நரம்பில் ஏதோ நடக்கிறது என்பதில் ஐயமில்லை. 10 ஆண்டு இடுப்புவலிக்கு அது போதுமா என்பதுதான் வேறு கதை. இதில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆய்வு 1990-ல் அமெரிக்காவில் வெளியானது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 145 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள்: உண்மையான டென்ஸ், மின்சாரம் பாயாத போலி டென்ஸ், உண்மையான டென்ஸோடு உடற்பயிற்சி, போலி டென்ஸோடு உடற்பயிற்சி. ஒரு மாத முடிவில் உண்மையான கருவிக்கும் போலிக் கருவிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. உடற்பயிற்சி செய்தவர்களுக்கோ வலி குறைந்தது, நடமாட்டமும் கூடியது. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட்டிருந்தார்கள். கிடைத்த பலனும் மறைந்துபோயிருந்தது. இந்தக் கடைசி வரியைப் பலர் பயிற்சியும் பயனில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது: செய்த வரைக்கும் பலன் இருந்தது, விட்டதும் போய்விட்டது.

அதன் பிறகு வந்த தீர்ப்புகளும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்ந்தன. 2008-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு, 585 பேரை உள்ளடக்கிய நான்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றது. 2010-ல் அமெரிக்க நரம்பியல் கழகம் நாள்பட்ட இடுப்புவலிக்கு டென்ஸைப் பரிந்துரைக்க முடியாது என்றது. 2012-ல் அந்நாட்டு முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், ஆய்வுகளுக்காக அல்லாமல் இந்த வலிக்கு டென்ஸ் வாங்கப் பணம் தருவதை நிறுத்தியது. 2016-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இடுப்புவலிக்கு டென்ஸ் மட்டுமன்றி, கிளினிக்குகளில் வைக்கும் இன்டர்ஃபெரன்ஷியல் கரண்ட் என்ற இன்னொரு வகை மின்தூண்டலையும் கொடுக்க வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் டென்ஸைப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு வலியைப் பற்றி விளக்கிச் சொல்வதையும்தான் முன்னிறுத்தியது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 2022-ல் எல்லா வகை வலிகளையும் சேர்த்து 381 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பெரிய திறனாய்வு, கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் போலிக் கருவியைவிட டென்ஸில் வலி குறைவாக இருக்கிறது, பெரிய தீங்கும் இல்லை என்று முடிவுசெய்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? என் கணிப்பைச் சொல்கிறேன். இது கணிப்புதான், நிறுவப்பட்ட உண்மையல்ல. பழைய ஆய்வுகள் பலவற்றில் மின்னோட்டத்தை மிகக் குறைவாக வைத்தார்கள்; வலியைக் கருவி ஓடாத நேரத்தில் அளந்தார்கள்; நாளெல்லாம் ஒரே அமைப்பில் வைத்தால் சில நாட்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடுவதைக் கணக்கில் கொள்ளவில்லை. இன்னொரு புறம், உடம்பில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடுவதால், போலிக் கருவியோடு ஒப்பிடும் எந்த ஆய்விலும் நம்பிக்கையின் பங்கு டென்ஸுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது, சிலருக்குக் கிடைக்கும் அரை மணி, ஒரு மணி நேரத் தணிவு. மாதக்கணக்கில் நிலைக்கும் பலன் கிடைப்பதை ஆய்வுகள் காட்டவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை அற்பம் என்று நான் நினைக்கவில்லை. கருவியை ஒட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்ப்பவருக்கு அது அணைத்ததும் போய்விடும். அதே நேரத்தில் எழுந்து நடப்பவர், பாத்திரம் கழுவுபவர், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்பவர் பெறுவது வேறு: வலிக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் தவிர்த்த அசைவுகளை உடம்பு மறுபடி பழகிக்கொள்கிறது. என்னிடம் வருபவர்களுக்குக் கருவியை இதற்காக மட்டுமே தருகிறேன்.

இனி ஈஎம்எஸ். அது தூண்டுவது தசையை இயக்கும் நரம்புகளை; தசை நன்றாகச் சுருங்க வேண்டும் என்பதே நோக்கம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொடையின் முன்தசை வேலைசெய்ய மறுக்கும்போது இது மிகவும் பயனுள்ளது. அதற்கு நல்ல ஆதாரம் உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தொடையில் நடப்பது இடுப்பில் நடப்பதில்லை. நாள்பட்ட இடுப்புவலியில் மெலிந்து கொழுப்பேறிப்போவதாகக் காணப்படும் மல்டிஃபிடஸ் தசை, முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கிறது. தோலின் மேல் வைக்கும் மின்னோட்டம் கொழுப்பையும் மேல்தசைகளையும் கடந்து அங்கே போய்ச்சேர்வதற்குள் மேலே உள்ள பெரிய தசைகள் இறுகிவிடும், தோலில் எரிச்சலும் தாங்க முடியாமல் போகும். கடைகளில் விற்கும் பெல்ட்டுகள் பெரும்பாலும் வயிற்றுச் சதைக்கென்று செய்யப்பட்டவை. மேலும், மின்சாரம் ஒரே தசையிழைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்குவதால் தசை சீக்கிரம் களைத்துவிடும். எப்போது, எவ்வளவு இறுக வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்வதும் அதில் நடப்பதில்லை. ஆழத்தில் உள்ள தசையை எட்டவே வேறொரு வழியை முயன்றிருக்கிறார்கள்: அந்தத் தசைக்குப் போகும் நரம்பின் அருகில் உடலுக்குள்ளேயே மின்முனையைப் பதித்து, நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் தூண்டுவது. ரியாக்டிவ்8 என்ற அந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் 204 பேரை வைத்து நடத்திய முக்கிய ஆய்வில், முதன்மை அளவுகோலின்படி முன்னேறியவர்கள் சிகிச்சைக் குழுவில் சுமார் 57 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 47 சதவீதம். புள்ளிவிவரப்படி அது உறுதியான வேறுபாடு அல்ல. நீண்ட காலத் தொடர்ச்சியில் பலர் நன்றாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அப்போது ஒப்பிடுவதற்குக் குழு இல்லை. அறுவைச் சிகிச்சை செய்து பதித்த கருவிக்கே நிலைமை இதுவென்றால், பெல்ட்டைப் பற்றி வேறென்ன சொல்ல.

உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்தப் பேச்சில் இரண்டு விதமாக முக்கியம். இடுப்புவலிக்கு டென்ஸை மறுத்த அதே 2010 அறிக்கை, சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுக் காலில் வரும் எரிச்சல் வலிக்கு அதைக் கருத்தில் கொள்ளலாம் என்றது. எனவே அவருடைய தொல்லையில் கால் எரிச்சலும் கலந்திருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மறுபுறம், உணர்ச்சி மங்கிய தோலில் பட்டையை ஒட்டினால் மின்னோட்டம் அளவுமீறிப் போவது தெரியாமல் புண்ணாகிவிடும். பார்ப்பது எளிது: அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஸ்பூனையும் சாதாரண ஸ்பூனையும் மாற்றி மாற்றி இடுப்பில் வைத்து எது குளிர் என்று கேளுங்கள், பிறகு பஞ்சால் தொட்டு எங்கே தொட்டேன் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லாத இடத்தில் பட்டையை வைக்கக் கூடாது. பேஸ்மேக்கரோ, இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியோ பொருத்தியவர்கள் தங்கள் இதய மருத்துவர் சம்மதிக்காமல் எந்த மின்தூண்டலையும் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், மார்பின் குறுக்கே, புற்றுக்கட்டி உள்ள இடம், இரத்தக் கட்டி அடைத்த கால், புண்பட்ட தோல் ஆகியவற்றில் ஒட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டு தூங்குவதும் வண்டி ஓட்டுவதும் ஆகாது.

சோதித்துப் பார்ப்பதை வீட்டில் தொடங்காமல் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் தொடங்குங்கள். நம் நாட்டில் மருத்துவரின் கடிதம் இல்லாமலே எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழிலர் மன்றத்தில் பதிவுள்ள பிசியோதெரபிஸ்டை நேரடியாகப் பார்க்கலாம். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் பக்கத்து அரசு கிளினிக்கின் மூலம் மருத்துவமனைப் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம். துடிப்பு வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு அத்தனை துடிப்பு), துடிப்பின் அகலம், அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம், 100 முதல் 200 மைக்ரோ விநாடி என்பது வழக்கமான தொடக்கம். நான்கு பட்டைகளை வலிக்கும் இடத்தைச் சுற்றி, முதுகெலும்பின் மேலே படாமல் இருபுறமும் ஒட்ட வேண்டும். மின்னோட்டத்தை ‘பலமாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை’ என்று அவர் சொல்லும் வரை ஏற்ற வேண்டும்; சற்று நேரத்தில் உணர்வு மங்கும்போது மறுபடி சிறிது ஏற்ற வேண்டும். வெறும் கிச்சுக்கிச்சு மூட்டும் அளவில் வைத்துவிட்டுப் பயனில்லை என்பவர்கள்தாம் அதிகம். காலையில் தைலம் தேய்த்த முதுகில் பட்டை ஒட்டாது, ஒட்டினாலும் மின்சாரம் ஒரே மூலையில் குவிந்து ஊசியாகக் குத்தும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே ஒட்டுங்கள். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் வியர்வைக்குப் பட்டையின் ஓரங்கள் சுருண்டு எழும்பிவிடும்; பருத்தித் துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டினால் நிற்கும். கருவி பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு ஒரு பொருட்டல்ல. கருவி வைப்பதற்கு முன் காப்பி வேண்டாம்: காஃபின் டென்ஸின் பலனைக் குறைப்பதாக 1995-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இரண்டு மணி நேரம் காப்பியைத் தள்ளிப்போடுவதில் இழப்பொன்றும் இல்லை.

பலனை அளக்க ‘வலி எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள்; தினமும் கேட்டால் வலியைப் பற்றிய நினைப்பே வளரும். சமையலறையில் நின்று எத்தனை நிமிடம் வேலை செய்ய முடிகிறது என்று குறித்து வையுங்கள், கருவியோடு ஒரு நாள், கருவியில்லாமல் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி. இரண்டு வாரத்தில் கருவி வைத்த நாட்களில் நிற்கும் நேரம் தெளிவாகக் கூடியிருந்தால் வாங்குவது நியாயம். கூடவில்லையென்றால் அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை இன்னும் சில தடவை பார்க்கலாம். வாங்கினாலும் நாளுக்கு ஒரு முறை, இரண்டு முறை, முப்பது நாற்பது நிமிடம் போதும். உடல் பழகிப் பலன் மங்காமலிருக்க வேகத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

ஸ்கேனில் உள்ள ‘தேய்மானம்’ என்ற சொல் உங்கள் தாயாரைப் பயமுறுத்தியிருப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வொன்றில், 60 வயதினரில் சுமார் 88 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. அவர் வயதில் தேய்மானம் இல்லாதவர்தாம் அபூர்வம். குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால், முதலில் அந்தப் பயத்தைத்தான் எடுக்க வேண்டும்; அதன் பிறகு நடை, நாற்காலியிலிருந்து எழுவது, இடுப்பு மூட்டை மடக்கிக் குனிவது, சிறு எடையைத் தரையிலிருந்து தூக்குவது என்று வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகலாம். கூழ்ப் பானையின் முன் நிற்பதையும் அப்படியே பழக்கலாம்: ஐந்து நிமிடம் நின்று கிளறி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஒரு காலை மாற்றி மாற்றிச் சிறு பலகையின் மேல் வைத்துக்கொண்டு. ஆடிக்குள் காலைப்பொழுது முழுவதும் நிற்பார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இப்போது நிற்பதைவிட அதிக நேரம் நிற்பார் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத வலி ஆகியவை இருந்தால், காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் தென்னாப்பிரிக்காவில் முதுகெலும்புக் காசநோயை முதலில் நினைக்க வேண்டும். இருமலே இல்லாமலும் அது வரும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், விழுந்த பிறகு வலி திடீரெனக் கூடியவர்களும் வலியைக் கருவியால் மறைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

பழைய கருவியைப் பற்றி: கருவி நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம், பட்டைகளைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒருவர் ஒட்டியதை மற்றவர் ஒட்டக் கூடாது, பசை காய்ந்த பட்டை தோலைச் சுடும். வேகத்தையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா, மின்னோட்டம் படிப்படியாக ஏறுகிறதா என்று உங்கள் கையிலேயே ஒட்டிப் பாருங்கள். கம்பி பெரும்பாலும் கருவியில் செருகும் முனையருகேதான் உள்ளே அறுந்திருக்கும். அந்த இடத்தை வளைத்துப் பார்க்கும்போது உணர்வு விட்டு விட்டு வந்தால் கம்பியை மாற்ற வேண்டும், அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.